பழைய மோட்டார் யாட்டைப் புதுப்பித்தல்: எதை முதலில், எதைக் கடைசியில்

பழைய யாட் வாங்குபவர்களில் பலர் வேலையைக் கேபினில் ஆரம்பிக்கிறார்கள். தேக்குப் பலகையைத் தேய்த்து வார்னிஷ் அடித்து, மெத்தை உறை தைத்து முடிக்கும்போது மழை வருகிறது. டெக்கிலிருந்து (மேல்தளம்) ஒழுகும் தண்ணீர் அந்த வார்னிஷ் மேலேயே இறங்குகிறது. கையில் இருந்த பணமும் முதல் ஆர்வமும் அதோடு போய்விடும். வேலை ஒவ்வொன்றும் கற்றுக்கொள்ளக்கூடியதுதான். வரிசை தவறினால்தான் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

இங்கே சொல்வது 32 முதல் 42 அடி வரை, பைபரால் (கண்ணாடி இழை) ஆன ஓடு, அதாவது வெளியுடல், அதோடு டீசல் எஞ்சினும் கொண்டு மெதுவாகப் போகும் யாட்டுகளைப் பற்றி. சிங்கப்பூரில் கட்டிய கிராண்ட் பேங்க்ஸ் 36, 42 மாடல்களையும் அவற்றில் பரவலாக இருந்த ஃபோர்டு லேமன் 120 எஞ்சினையும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கிராண்ட் பேங்க்ஸைக் கட்டிய கம்பெனி 1973இல் மரத்தை விட்டு பைபருக்கு மாறியது. அதற்கு முந்தைய மரப் படகுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது.

1. வாங்கும் முன்: எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும்

படகில் ஏறியதும் முதல் வேலை, எஞ்சின் பிளாக் மேல் கை வைத்துப் பார்ப்பது. வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் விதத்தில்தான் அதன் உடல்நிலை தெரியும். முதல் சில நிமிடம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. சூடேறிய பிறகும் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்கவே இல்லையென்றால் கூலன்ட் உள்ளே போகிறதா, டீசல் சரியாக எரியவில்லையா என்று மெக்கானிக் பார்க்க வேண்டும்.

அடுத்தது டெக். பிளாஸ்டிக் தலை கொண்ட சிறிய சுத்தியலால் ஒவ்வொரு கையகல இடத்தையும் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று கூர்மையாகப் பேசும். இரண்டு பைபர் தோலுக்கு நடுவே இருக்கும் மரம் ஊறிப்போன இடம் ‘தொப்’ என்று அடங்கிவிடும். சத்தம் மாறும் எல்லையைச் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டைப் படம் எடுங்கள். விலை பேசும்போது அந்தப் படம் பேசும்.

படகின் நிலையைச் சோதித்துச் சொல்லும் சர்வேயர் உங்கள் ஆளாக இருக்கட்டும், விற்பவர் சொன்ன ஆள் வேண்டாம். படகைக் கரையேற்றித்தான் சர்வே எடுக்க வேண்டும். எஞ்சினுக்குத் தனியாக ஒரு டீசல் மெக்கானிக். இரண்டையும் ஒருவரே பார்த்துவிடுவதாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான்.

2. இடம், பருவம், பணம்

டெக் வேலையும் எபாக்ஸி (ஹார்டனர் கலந்தால் இறுகும் பிசின்) வேலையும் உலர்ந்த மாதங்களில் நடக்க வேண்டும். மலேசியாவின் லங்காவி என்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை. செப்டம்பர், அக்டோபரில் மழை. எங்கே கரையேற்றினாலும் முதல் செலவு கூரை. நல்ல டார்பாலின் கூரை இல்லாவிட்டால் வேலை பாதி, காத்திருப்பு பாதி என்றாகிவிடும்.

கரையில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் யார்டு (படகுப் பட்டறை) வாடகை ஏறும். அதனால் சீகாக் (ஓட்டில் கடல்நீர்த் துளையின் வால்வு), கட்லஸ் பேரிங் (பிராப்பெல்லர் ஷாஃப்ட்டைத் தாங்குவது), கியர் ஆயில் கூலர் மாதிரி கண்டிப்பாக மாற்றப்போகும் சாமான்களைக் கரையேற்றும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு பார்சலுக்காக மூன்று வாரம் வாடகை கட்டியவர்கள் எல்லா யார்டிலும் உண்டு.

கருவிகளில் கஞ்சத்தனம் கூடாதவை நான்கு: தூசியை உறிஞ்சும் வேக்யூமோடு சேர்ந்த சாண்டர் (உப்புத்தாள் தேய்ப்பு இயந்திரம்), டிசி கரன்ட்டையும் அளக்கும் கிளாம்ப் மீட்டர், ராட்செட் வகை கிரிம்பிங் டூல், முகத்தோடு இறுகப் பொருந்தும் ரெஸ்பிரேட்டர். சாதாரண கிளாம்ப் மீட்டர் பல ஏசியை மட்டுமே அளக்கும். கடையில் கேட்டு வாங்குங்கள்.

பணத்தில் பாதியை மட்டும் திட்டத்தில் எழுதுங்கள். மீதி, பிரித்த பிறகு கண்ணில் படப்போவதற்கு.

3. பிரிக்கும் முன் பட்டியல்

கரையேறிய உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஒவ்வொரு பைப்பையும் ஒயரையும் வால்வையும் அது போய்ச் சேரும் இடம் வரை படம் எடுத்து, பெயர் எழுதிய நாடா ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து மாட்டும்போது ஞாபகம் கைகொடுக்காது.

கண்ட குறைகளை மூன்றாகப் பிரியுங்கள்: படகை மூழ்கடிக்கக்கூடியவை, நடுக்கடலில் நிறுத்திவிடக்கூடியவை, எரிச்சல் மட்டும் தருபவை. முதல் பட்டியல் முடியாமல் மூன்றாவதைத் தொடக்கூடாது. மெத்தை உறை மூன்றாவதில்தான் வரும், யார் என்ன சொன்னாலும்.

அந்தக் காலத்து எக்ஸாஸ்ட் குழாயின் சுற்றுறையிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். வெள்ளையாக நார்நாராக உதிர்ந்தால் கிழிக்காதீர்கள். அதை எடுக்கத் தெரிந்தவரை வைத்தே எடுங்கள்.

4. மேலிருந்து வரும் தண்ணீரை நிறுத்துதல்

இதுதான் உண்மையான முதல் வேலை. உள்ளே அழுகிய மரம், துருப்பிடித்த டேங்க், பச்சை பூத்த ஒயர் என்று எதைப் பிடித்துக்கொண்டு மேலே போனாலும் பெரும்பாலும் டெக்கில் ஒரு ஓட்டையில் போய் நிற்கும்.

பழைய தேக்கு டெக் ஆயிரக்கணக்கான ஸ்க்ரூவால் பைபர் மேல் இறுக்கப்பட்டது. ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலைக்கு மேலும் ஒரு மர அடைப்பு. பலகை தேயத் தேய அடைப்பு மெலிந்து கழன்றுவிடும். ஸ்க்ரூ வழியே மழைநீர் நேராகக் கீழிருக்கும் மரத்துக்குள் இறங்கும். பலகை இன்னும் கனமாக இருந்தால் ஸ்க்ரூவைக் கழற்றி, குழியை ஆழமாக்கி, புது அடைப்பு வைக்கலாம். சுமார் 8 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தால் அடைப்பு நிற்க ஆழம் கிடையாது. அப்போது தேக்கை முழுதாக எடுத்துவிட்டு, ஓட்டைகளை அடைத்து, மேலே பைபர் துணி போட்டு வழுக்காத பெயின்ட் அடிப்பதே என் கட்சி. அழகு குறையும். ஆனால் அடுத்த பல வருடம் இந்தப் பிரிவை நீங்கள் திரும்பப் படிக்க வேண்டியிருக்காது.

ஊறிய இடத்துக்கு மேல்தோலை ஒரே துண்டாக வெட்டி எடுத்து வையுங்கள், எறிய வேண்டாம். ஈர மரத்தைச் சுரண்டி எடுத்து, நல்ல மரம் வரும் வரை போங்கள். இரண்டு அங்குலம் கூடப் போனாலும் பரவாயில்லை. ஈரத்தைக் கொஞ்சம் விட்டுவைத்து மூடினால் அங்கிருந்தே மறுபடி பரவும். புது ஃபோம் அல்லது மரைன் பிளைவுட்டைக் கெட்டியாக்கிய எபாக்ஸியில் பதித்து, பழைய தோலை மேலே ஒட்டி, வெட்டின ஓரத்தைச் சரிவாகத் தேய்த்துக் கண்ணாடி இழைத் துணியால் இணையுங்கள். தோல் 3 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சரிவு 36 மில்லிமீட்டர் அகலம், அதாவது பன்னிரண்டுக்கு ஒன்று. சரிவு குறைந்தால் இணைப்பு வெறும் மேற்பூச்சாகத்தான் நிற்கும்.

வெப்பமும் ஈரமும் உள்ள ஊரில் எபாக்ஸிக்கு இரண்டு தொல்லை. ஒன்று, கப்பில் அதிகம் கலந்தால் தானே சூடேறிப் புகைந்து கட்டியாகிவிடும். கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றுங்கள், மெதுவாக இறுகும் ஹார்டனரை வாங்குங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் அது கடைசிவரை சரியாக இறுகாது. இரண்டு, காய்ந்த பிறகு மேலே மெழுகு போன்ற வழவழப்பு படியும். அதைத் தண்ணீரும் தேய்ப்புப் பட்டையும் கொண்டு கழுவிய பிறகே சாண்ட் செய்ய வேண்டும். கழுவாமல் சாண்ட் செய்தால் வழவழப்பு உள்ளே தேய்க்கப்பட்டு அடுத்த கோட் உரிந்து வரும்.

கம்பிப்பிடி, கொக்கி, கயிறு கட்டும் கிளீட் என்று டெக்கில் உள்ள எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பின் நடுவில் சரியான அளவில் துளையுங்கள். பிற்காலத்தில் சீலன்ட் தவறினாலும் தண்ணீர் எபாக்ஸியைத் தாண்டி மரத்தைத் தொடாது. மாட்டும்போது பிசுபிசுப்பான பியூட்டில் டேப் போதும். 3எம் 5200 பசை வகையைச் சேர்ந்தது, இனி கழற்றவே போவதில்லை என்கிற இடத்துக்கு மட்டும். அக்ரிலிக் கண்ணாடிக்குப் பாலிசல்ஃபைட் ஆகாது, பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். சிலிக்கோனை யார்டுக்குள்ளேயே விடாதீர்கள். அது பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது.

முடிந்ததும் சோதனை. ஒருவர் உள்ளே டார்ச்சோடு, இன்னொருவர் மேலே ஹோஸோடு. தாழ்வான இடத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் நின்று, மெல்ல மேலே ஏறுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் வழிந்து வரும் தண்ணீர் எல்லா ஓட்டையையும் ஒரே நேரத்தில் நனைத்துவிடும், எது ஒழுகுகிறது என்று தெரியாது.

5. ஓட்டின் அடிப்பகுதியும் சீகாக்கும்

ஓட்டில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் அடிக்கும் ஆன்டிஃபவுலிங் பெயின்ட்டின் பழைய அடுக்குகளில் ட்ரைபியூட்டைல்டின் இருக்கலாம். 2008இல் அமலுக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் தடை செய்த நச்சு அது. அதனால் உலர்வாகச் சாண்ட் செய்யாமல் நனைத்துச் சுரண்டுங்கள், கழிவைத் தரையில் விடாதீர்கள்.

ஓட்டின் பைபரில் கொப்புளம் கண்டு பலர் பயப்படுகிறார்கள். அங்கங்கே சில சிறு கொப்புளங்கள் அவசர வேலை இல்லை. திறந்து, கழுவி, உலர்த்தி, நிரப்பிவிடலாம். ஓடு முழுக்க இருந்தால்தான் ஜெல்கோட்டை (பைபரின் வெளிப்பூச்சு) உரித்து எபாக்ஸித் தடுப்பு அடிக்க வேண்டும். வாராவாரம் ஒரே இடங்களில் ஈரமானி வைத்து எழுதுங்கள். அளவு இறங்குவது நின்ற பிறகே தடுப்பு, மொத்தம் 250 மைக்ரான் அளவுக்கு. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அதே கொப்புளம் புதுப் பெயின்ட்டோடு வரும்.

சீகாக்குகளைக் கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக மின்னினால் சரி. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்து போய் வெறும் செம்புக் கூடுதான் மிச்சம். எந்த நாளும் கையோடு உடைந்து வரும். வீட்டுக் குழாய்க்கடை கேட் வால்வு இருந்தால் யோசிக்காமல் தூக்கி எறியுங்கள். அமெரிக்கப் படகுத் தரக்குழுவான ஏ.பி.ஒய்.சி, சீகாக்கின் உள்முனையில் 227 கிலோ விசையை 30 விநாடி கொடுத்தாலும் உடைந்து தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்கிறது. அந்த அளவுகோலுக்குத் தயாரித்த பித்தளை அல்லாத வெண்கலத்தையே வாங்குங்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் உடைந்தால் அடைக்க அளவான மரக்கட்டை ஒன்றைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள்.

பிராப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டி, கட்லஸ் பேரிங்கைப் பாருங்கள். கரையில் இருக்கும்போதே மாற்றக்கூடிய சாமான் அது. தண்ணீரில் இறங்கிய பின் நினைவு வந்தால் படகைத் தூக்கும் டிராவல் லிஃப்ட்டுக்கு மறுபடி கூலி.

6. டீசல் டேங்க், எஞ்சினுக்கு முன்னால்

இந்தப் படகுகளின் இரும்பு டேங்க் பெரும்பாலும் மேலிருந்துதான் துருப்பிடிக்கும். டெக்கில் டீசல் நிரப்பும் மூடியைச் சுற்றி ஒழுகும் தண்ணீர் டேங்கின் தலையில் தேங்கி நிற்கும். டேங்க் எஞ்சினுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருப்பதால், எஞ்சினைத் தூக்காமல் முழுதாக வெளியே வராது. எஞ்சின் வேலைக்கு முன்பே டேங்கின் கதையை முடிவு செய்ய வேண்டியது அதனால்தான். எஞ்சினைப் பூட்டி, ஷாஃப்ட்டோடு நேராக்கி (அலைன்) முடித்த பின் டேங்க் ஒழுகினால் எல்லாம் முதலிலிருந்து.

பெரிய ஒன்றுக்குப் பதிலாக ஹேட்ச் திறப்பு வழியே நுழையும் இரண்டு சிறிய டேங்குகள் வையுங்கள். உள்தடுப்பு ஒவ்வொரு அறைக்கும் கை நுழையும் மூடி வேண்டும், இல்லாவிட்டால் எப்படிக் கழுவுவது? பொருத்தும் முன் 3 பி.எஸ்.ஐ காற்று அடைத்துச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். அதற்கு மேல் அடைத்தால் டேங்க் வீங்கிவிடும்.

பழைய டேங்க் நன்றாக இருந்து அதையே வைத்துக்கொண்டால், முதலில் கழுவுங்கள், பிறகு கிருமிநாசினி. வரிசை மாறினால் டீசலில் வளர்ந்து செத்த கிருமிப் படலமெல்லாம் முதல் அலையில் கிளம்பி ஃபில்டரை அடைக்கும்.

7. எஞ்சின்: மாற்றும் ஆசையை அடக்குங்கள்

நீர்க்கோட்டு நீளம் 35 அடி இருக்கும் இந்த வகை ஓட்டின் இயல்பான வேக எல்லை ஏறக்குறைய மணிக்கு 8 நாட்டிக்கல் மைல். அதற்கு 120 குதிரைத்திறன் தாராளம். இரண்டு மடங்கு திறன் வைத்தாலும் டீசல்தான் இரண்டு மடங்கு போகும். கம்ப்ரெஷனும் எண்ணெய்ப் பரிசோதனையும் நன்றாக இருந்தால் பழைய லேமனையே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றியிருப்பவற்றைப் புதுப்பியுங்கள்.

கடல்நீர் போகும் பாதையில் ஆரம்பியுங்கள், ஏனெனில் இந்த எஞ்சின்களைக் கொல்வது ஓட்டம் அல்ல, உப்பு. பம்ப்பைத் திறந்து உள்ளே சுழலும் ரப்பர் இம்பெல்லரில் இறக்கை ஏதும் குறைகிறதா என்று எண்ணுங்கள். குறைந்தால் அந்தத் துண்டு கூலரின் வாயில் எங்கேயோ சிக்கியிருக்கிறது. கடைசித் துண்டு கிடைக்கும் வரை மூடாதீர்கள். கியர் ஆயில் கூலரைப் பார்க்கக்கூட வேண்டாம், மாற்றுங்கள். அது உள்ளே ஓட்டையானால் கடல்நீர் கியர்பாக்ஸுக்குள் போகும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்தில் வந்தால் நடந்துவிட்டது என்று பொருள். கூலர் விலை, கியர்பாக்ஸ் விலையில் சிறு பங்கு. எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் கலக்கும் முழங்கையை ஹோஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். வெளியே பெயின்ட் பளபளத்தாலும் உள்ளே காகிதம்போல் மெலிந்திருக்கலாம்.

லேமன் 120இல் புதியவர்கள் தவறவிடுவது ஒன்றுண்டு. அதன் சிம்ஸ் இன்ஜெக்ஷன் பம்ப்புக்குத் தனி எண்ணெய். டீசல் கசிந்து அதை நீர்க்கச் செய்வதால் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பிறகு வந்த லேமன் 135க்கு இந்த வேலை இல்லை. 135 பற்றிப் படித்துவிட்டு 120ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

மேம்பாடு என்று ஒன்றே ஒன்று செய்ய முடியுமானால், எக்ஸாஸ்ட் ஹோஸில் வெப்ப அலாரம் மாட்டுங்கள். கடல்நீர் நின்றால் கூலன்ட் மானி ஏறுவதற்கு முன்பே ஹோஸ் சூடாகிவிடும். ரப்பர் கருகும் முன் எஞ்சினை நிறுத்த அந்த இடைவெளி போதும்.

8. வயரிங்: ஒட்டுப்போடாமல் புதிதாக

நாற்பது வருடத்தில் ஐந்து ஓனர் என்றால் ஐந்து பேருடைய வயரிங் உள்ளே இருக்கும். உயிரில்லாத ஒயரையெல்லாம் முதலில் வெளியே இழுங்கள். மிச்சமிருப்பது எவ்வளவு குறைவு என்று ஆச்சரியப்படுவீர்கள். பிறகு தாளில் வரைபடம், அதன் பிறகே புது ஒயர்.

ஒயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும். அளவு கணக்கிடும்போது போய்வரும் தூரம் இரண்டையும் சேர்க்க வேண்டும், இங்கேதான் பலர் பாதியாகக் கணக்கிட்டுவிடுகிறார்கள். பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தள்ளி 5 ஆம்பியர் இழுக்கும் ஃபிரிட்ஜ் என்றால் கணக்குக்கு 12 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 0.7 வோல்ட் போய்விடும். 4 சதுர மில்லிமீட்டரில் 0.26 வோல்ட்தான். 12 வோல்ட்டில் முக்கியச் சுற்றுகளுக்கு 3 சதவீதம், அதாவது 0.36 வோல்ட், என்ற எல்லையை வைத்துக்கொண்டால் ஃபிரிட்ஜ் வோல்ட்டேஜ் குறைவு என்று சொல்லி நின்றுபோகாது.

ஃபியூஸ் பேட்டரிக்கு அருகே இருக்க வேண்டும். ஏ.பி.ஒய்.சி பொதுவாகச் சொல்வது 7 அங்குலம். ஃபியூஸ் காப்பது சாமானை அல்ல, ஒயரை. ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உரசித் தீப்பிடித்தால் அதை நிறுத்த எதுவும் இல்லை. முனைகளைக் கிரிம்ப் செய்யுங்கள். சால்டர் மட்டும் வைத்தால் அது முடியும் ஓரத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே முறியும்.

படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் மெயின் ஸ்விட்சைத் தாண்டி, தனி ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரிக்குப் போக வேண்டும். ஸ்விட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் நாளில்தான் அது வேலை செய்ய வேண்டும்.

மரினாவில் கரை மின்சாரம் போட்டதும் அனோடு (மற்ற உலோகத்தைக் காக்கத் தானே கரையும் உலோகக் கட்டி) வேகமாகக் கரைகிறது என்று எர்த் ஒயரை வெட்டிவிடுபவர்கள் உண்டு. செய்யவே செய்யாதீர்கள். அனோடு மிஞ்சும், தண்ணீரில் கால் வைத்தவர் மிஞ்சமாட்டார். கால்வானிக் ஐசொலேட்டரோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோதான் அதற்குத் தீர்வு.

9. லித்தியம் போடலாமா?

வாரக்கடைசியில் மட்டும் போகிறவருக்கு ஏஜிஎம் (மூடிய லெட் ஆசிட் பேட்டரி) போதும். வாரக்கணக்கில் நங்கூரத்தில் கிடப்பவருக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பலன் தரும். ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றி நிறுத்தினால் ஆல்டர்னேட்டர் போய்விடும். லித்தியம் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். குறைந்த சுழற்சியில் விசிறிக் காற்றும் போதாமல் சுருள் கருகும். பேட்டரியைக் காக்கும் பிஎம்எஸ் சுற்று திடீரென்று துண்டித்தால் வோல்ட்டேஜ் எகிறி டையோடு சாகும். ஸ்டார்ட்டர் பேட்டரி லெட் ஆசிடாகவே இருக்கட்டும், ஆல்டர்னேட்டர் அதற்கே போகட்டும், அங்கிருந்து டிசி டு டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு.

சார்ட் பிளாட்டர் (கடல் வரைபடம் காட்டும் திரை), ரேடார் எல்லாவற்றையும் கடைசி மாதத்தில் வாங்குங்கள். அலமாரியில் கிடக்கும்போதே வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

10. பெயின்ட்

உள்வேலை, துளையிடுதல், பூட்டுதல் எல்லாம் முடிந்த பிறகுதான் வெளிப்பூச்சு. இரண்டு பாக பாலியூரிதேனில் ஐசோசயனேட் உண்டு. ஸ்ப்ரே செய்ய வெளிக்காற்று வரும் முகக்கவசம் வேண்டும், சாதாரண கார்ட்ரிட்ஜ் போதாது. அந்த வசதி இல்லையென்றால் ரோலர் போட்டு, உடனே பிரஷ் நுனியால் நீவுங்கள். பூசும் பரப்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் பனியாகப் படியும் வெப்பம்) 3 டிகிரி செல்சியஸாவது கூட இருக்க வேண்டும். காலையில் பனி காய்ந்த பின் ஆரம்பித்து, பிற்பகலிலேயே நிறுத்துங்கள். மாலைப் பனி விழும்போது பூச்சு இளசாக இருந்தால் பளபளப்பு செத்துவிடும்.

ஆன்டிஃபவுலிங் எல்லாவற்றுக்கும் பின்னால். அதன் டப்பாவில் இறக்குவதற்குள் இத்தனை நாள் என்று குறைந்தபட்சமும் அதிகபட்சமும் போட்டிருக்கும். அனோடு மேல் மட்டும் பெயின்ட் படக்கூடாது.

11. தண்ணீரில் இறக்குதல், அலைன்மென்ட், ஓட்டம்

படகு லிஃப்ட் பட்டையில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இறங்கி, டார்ச் அடித்து ஒவ்வொரு சீகாக்கையும் ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் கிளாண்டையும் தொட்டுப் பாருங்கள். லிஃப்ட்காரர் அவசரப்படுத்துவார். பட்டையைக் கழற்றச் சொல்வது நீங்கள்தான்.

எஞ்சின் அலைன்மென்ட் கரையில் செய்தது செல்லாது. முட்டுக்கட்டையில் நின்ற ஓடு தண்ணீரில் வேறு வடிவம் எடுக்கும். கியர்பாக்ஸையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கைப் பிரித்தபடி இறக்கி, டேங்குகளைப் பாதியாவது நிரப்பி, இரண்டு நாள் மிதக்கவிட்ட பிறகு அளவெடுங்கள். கப்ளிங்கின் இரு முகங்களுக்கு நடுவே மேல், கீழ், இடம், வலம் நான்கு இடத்திலும் ஃபீலர் கேஜ் விடுங்கள். விட்டத்தில் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு அங்குலம்தான் அனுமதி. 5 அங்குலக் கப்ளிங்குக்கு 0.13 மில்லிமீட்டர். பிறகு ஷாஃப்ட்டைக் கையால் பாதிச் சுற்று திருப்பி மறுபடி அளந்து பாருங்கள். அகன்ற இடைவெளி அதே இடத்தில் நின்றால் எஞ்சின் மவுண்ட்டைத் திருக வேண்டும். ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றி வந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது கப்ளிங் முகம் கோணல். எவ்வளவு மவுண்ட் திருகினாலும் அது தீராது. லேத்துக்குப் போக வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது டேங்க் நிறைய, ஆட்களோடு போங்கள். நன்றாகச் சூடேறிய பின் முழு த்ராட்டில். லேமன் 120 நிமிடத்துக்கு 2500 சுற்றைத் தொட வேண்டும். 2200இல் திணறிக் கரும்புகை விட்டால் பிராப்பெல்லரின் சுமை அதிகம். அதன் பிட்ச்சில் (இறக்கையின் சாய்வளவு) ஒரு அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று கூடும். மெதுவாகத்தானே ஓட்டப்போகிறோம் என்று விட்டுவிட்டால், எஞ்சின் நாள் முழுக்கச் சுமையோடு மலையேறுகிறது.

கயிறு அடைத்த கிளாண்ட் என்றால் ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழ வேண்டும். சொட்டே விழாதபடி இறுக்கினால் ஷாஃப்ட்டில் பள்ளம் விழும். கையை வைத்துப் பாருங்கள், சுடக்கூடாது.

முதல் 50 மணி நேரம் முடிந்ததும் எல்லா ஹோஸ் கிளாம்ப்பையும் ஒரு சுற்று இறுக்கி, மவுண்ட் நட்டுகளைப் பார்த்து, அலைன்மென்ட்டை மறுபடி அளந்து, எஞ்சின் எண்ணெயோடு சிம்ஸ் பம்ப்பின் எண்ணெயையும் அன்றே மாற்றிவிடுங்கள்.